ஆதம்லெவ்வைக்குத் தந்த பை

2003 ஓகஸ்ட் 7, வியாழன்

தம்பி தயாபரனைப் பிடித்துவிட்டார்கள்.

காலையில் மீராச்சேனை ஐஸ் தொழிற்சாலையில் மோட்டார் திருத்தப் போனவன். பகல் சோற்றுக்கு வரவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் எல்லை வீதி வாய்க்காலுக்குள் விழுந்து கிடக்கிறது என்று பின்னேரம் மீன்காரர் வந்து சொன்னார். தம்பியின் பெண்சாதி சுகுணா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் வீட்டுக் கூடத்தில் விழுந்து அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கு அவள் ஒருத்தி போதும்.

ஏன் பிடித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்க இயக்கத்தின் கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை அங்கே தன் வயலில் வெள்ளாமை வெட்டிக்கொண்டு நின்ற ஆதம்லெவ்வை என்ற மீராச்சேனை முஸ்லிமை இயக்கம் கொண்டுபோனது. படையினருக்குத் துப்புக் கொடுத்தானாம். இனி எங்கள் வம்மிவெளியில் ஒருவனை அவர்கள் பிடிப்பார்கள் என்று நேற்றே கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குப் போகாதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "அவங்க நல்ல மனிசர் அக்கா, சாப்பிடாம விடமாட்டாங்க" என்பான். இன்றைக்கும் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பிடித்திருப்பார்கள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காலையிலேயே சபாரெத்தினம் ஐயா வந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். எங்கள் ஊர்ச் சமாதானக் குழுவின் தலைவர். இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு குழு இருக்கிறது. யாராவது செத்தால், காணாமல்போனால், இரண்டும் கூடித் தேநீர் குடிக்கும். என்னைக் குழுவில் சேரச் சொன்னார்.

"டீச்சர், பிடிபட்டது உங்கட தம்பி. நீங்க இரிந்தா பேச்சுக்கு ஒரு கனம் இரிக்கும். அதோட நீங்க அழுற ஆளும் இல்ல."

எல்லையில் உள்ள நீர்ப்பாசன விடுதியில் பின்னேரம் கூடினோம். அந்தப் பக்கத்தில் ஜுனைதீன் மௌலவியும் புஹாரி மாஸ்டரும். மாஸ்டரைக் கல்விக் கந்தோரில் கண்டிருக்கிறேன். தலையாட்டினார். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. தம்பியை வைத்திருப்பது ஆதம்லெவ்வையின் தம்பி அன்வரும் அவன் கூட்டாளிகளும் என்று அவரே ஒப்புக்கொண்டார். "எங்கட சொல்லுக்கு அடங்கிற நிலையில இல்ல அவன். காக்கா ஆதம்லெவ்வை வந்தா விடுவன் எண்டு நிக்கிறான்."

ஆதம்லெவ்வையின் மனைவி மர்ளியாவும் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். முந்தானையை நெற்றிவரை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட மனிசன என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்டும் செய்யல்ல. நான் படிப்பிக்கிற ஆள்."

"அப்ப நானும் உங்கட தம்பிய ஒண்டும் செய்யல்ல. நான் சோறாக்குற ஆள்."

தம்பி உயிரோடிருக்கிறான் என்று புஹாரி மாஸ்டர் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். நாங்கள் படுவான்கரைக்குப் போய் ஆதம்லெவ்வையைப் பற்றிக் கேட்டு வருவதென்று முடிவாயிற்று. போர்நிறுத்தத்தைப் பார்க்க வந்த வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெள்ளை வாகனத்தில் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஓகஸ்ட் 9, சனி

கச்சான் காற்று அனலாக வீசுகிறது. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. சுகுணாவும் பிள்ளையும் இங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறது.

முன்வீட்டுக்காரி ஆறுதல் சொல்ல வந்து, "உங்கட குடும்பத்துக்கு மட்டும் ஏன் இப்பிடி" என்றாள். என் கணவரை நினைத்துச் சொல்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு படையினர் ஊரையே பாடசாலை மைதானத்தில் இருத்தி, முகமூடி போட்ட ஒருவன் தலையாட்டிக் காட்டிய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் இவரும் ஒருவர். முகமூடிக்காரன் மீராச்சேனையான் என்று சொல்வார்கள். அதைப்பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தோணியில் படுவான்கரைக்குப் போனோம், சபாரெத்தினம் ஐயாவும் நானும். இயக்கத்தின் அரசியல் அலுவலகம் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொறுப்பாளர் இளஞ்சேரன். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சேர்ட். எங்களை இருத்தி, சோடா உடைத்துத் தந்து, வாசலில் நின்றவனை அப்பால் போகச் சொன்னார்.

"ஆள் இல்ல டீச்சர்."

"வேற இடத்துக்கு மாத்திட்டீங்களா?"

"ஆளே இல்ல. பிடிச்ச மற்ற நாள் ஓடப் பாத்தவர். பொடியன் ஒருத்தன் சுட்டுட்டான். அது ஒரு பிழையாப் போச்சு."

ஒரு கண்ணாடிக் கோப்பை கைதவறி உடைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். சபாரெத்தினம் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது வெளியில போகப்படாது. ஆள் விசாரணையில இரிக்கார், சுகமா இரிக்கார் எண்டு சொல்லுங்க. நல்லெண்ணமா அவங்க முதல்ல விடட்டும். உங்கட தம்பி வீட்ட வந்த பிறகு நாங்க ஒரு அறிக்கை விடுவம்."

"என்னெண்டு?"

"அத நாங்க பாத்துக்கிறம்."

நான் சோடாவைக் குடித்து முடித்தேன்.

திரும்பி வரும்போது தோணியில் ஐயா சொன்னார்: "தம்பிட உயிர யோசிங்க டீச்சர்." வேறு எதை யோசிக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியவில்லை. செத்தது ஒரு மீராச்சேனைக்காரன். எனக்கு என்ன? எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது.

ஓகஸ்ட் 11, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மல்லி வறுத்து, மிளகாய் காயவைத்தேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மீண்டும் நீர்ப்பாசன விடுதி. ஐயா நன்றாகவே பேசினார். ஆதம்லெவ்வை விசாரணையில் இருக்கிறார், அடி உதை இல்லை, முதலில் தயாபரனை விட்டால் மறுநாளே அவரை விடுவார்கள் என்றார். தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்கு ரசீது கொடுக்கும் அதே குரல். மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். புஹாரி மாஸ்டர், அன்வரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

எழுந்திருக்கும் நேரத்தில் மர்ளியா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டு சாறன், ஒரு துவாய், ஒரு போத்தல் ஊறுகாய், சிறிய மருந்துப் போத்தல் ஒன்று.

"அவருக்குச் சீனி வருத்தம். குளிசை இல்லாம மயங்கி விழுந்திருவார். இதக் கொண்டு குடுக்கணும். காலையிலயும் ராவையிலயும், சாப்பிட்ட பிறகு. மறந்திருவார், நீங்க ஞாபகப்படுத்தணும்."

ஐயா கையை நீட்டவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் எடுத்தேன்.

பாரமான பை.

ஓகஸ்ட் 13, புதன்

பையை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுகுணா கண்டுவிட்டாள். கேட்டாள். சொன்னேன். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவர் வரும் வரைக்கும் வாயத் திறந்திராதீங்க. நான் உங்கட காலப் பிடிக்கிறன்" என்றாள்.

காலைப் பிடிக்கத் தேவையில்லை, எனக்கு வாயை மூடத் தெரியும் என்றேன்.

கண்காணிப்பாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஏதாவது புதிய தகவல் இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இல்லை என்றேன். தேநீர் கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

சனிக்கிழமை தம்பியை விடுவார்கள். அன்வர் ஒத்துக்கொண்டுவிட்டானாம்.

சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும். இன்றையக் கூட்டத்தில் மர்ளியா ஐயாவைப் பார்த்து, "பையக் குடுத்தீங்களா? சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"குடுத்த. சாப்பிட்டாராம். ஊறுகாய் நல்லமெண்டு சொன்னாராம்."

யாரும் கேட்காமலே ஊறுகாயைச் சேர்த்துக்கொண்டார் மனுசன். அவள் சிரித்துவிட்டாள். முதன்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன். "அது அவர்ட உம்மா போட்ட ஊறுகாய். என்ட ஊறுகாய ஒருநாளும் நல்லமெண்டு சொன்னதில்ல" என்று என்னிடம் சொன்னாள். என்னிடம். எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படியா நம்புவாள் ஒருத்தி? நாற்பது வயதில் இவ்வளவு புத்திதானா?

நான் கொடுத்த நீலச் சட்டை இவருக்கு நல்ல பொருத்தம் என்று தெற்கில் ஒரு முகாம் வாசலில் ஒருவன் எனக்கும் சொன்னான். நான் அடுத்த மாதம் இன்னொன்று தைத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த மாதமும் போனேன். நாலு வருஷம் போனேன். அந்த முகாமில் இவர் ஒருநாளும் இருந்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

போதும். படுக்கப்போகிறேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

காலையில் அலுமாரியைத் திறந்தால் ஊறுகாய்ப் போத்தல் ஒழுகி, கூறைச் சேலை உட்பட நாலு சேலையில் எண்ணெய். இனிமேல் இந்தப் பையை வீட்டில் வைத்திருக்க முடியாது. அதனால்தான் போனேன். வேறு காரணம் இல்லை.

ஜும்ஆ நேரம் பார்த்துப் போனேன். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லை வீதியால் நடந்தேன். மீராச்சேனைக்குள் நான் கால்வைத்துப் பதின்மூன்று வருஷம். கடைகள் பூட்டியிருந்தன. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்கள் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஆதம்லெவ்வை வீட்டைக் கேட்டேன். ஒருத்தி காட்டினாள். மற்றவள் காறித் துப்பினாள்.

பூசாத செங்கல் வீடு. மர்ளியா முற்றத்து நிழலில் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். அவள் கண் என் முகத்தில் நிற்கவில்லை. என் தோளுக்கு மேலால் படலையைப் பார்த்தது.

"விட்டுட்டாங்களா? வந்திரிக்காரா?"

பையை நீட்டினேன்.

"இத அவருக்குக் குடுக்கல்ல."

"ஏன்? உள்ள விடல்லயா?"

"குடுக்க ஆள் இல்ல."

அவள் பையை வாங்கித் திறந்தாள். சாறனை ஒதுக்கி மருந்துப் போத்தலை எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ஒண்டும் குடிக்கல்ல" என்றாள், மருந்து குடிக்காத புருஷனைக் கடிந்துகொள்வதுபோல. பிறகு மெதுவாக நிலத்தில் இருந்தாள். சுளகு சரிந்து அரிசி கொட்டியது.

"எப்ப?"

"பிடிச்ச மற்ற நாள்."

"அப்ப ஊறுகாய் நல்லமெண்டு சொன்னது?"

"பொய்."

"நீங்களும் அந்த இடத்தில இரிந்தீங்க."

"இரிந்தன்."

"உங்களுக்குத் தெரியும் அப்ப."

"தெரியும்."

எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். குடை கையிலிருந்து விழுந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளை அடித்த கை என்னுடையது. என்னை யாரும் அடித்ததில்லை. திருப்பி அடிக்கவும் தோன்றவில்லை.

"ஏன் வந்த? நாளைக்கு உன்ட தம்பி வந்திருப்பான். வாய மூடிக்கிட்டு இரிந்திருக்கலாமே."

"ஊறுகாய்ப் போத்தல் ஒழுகி என்ட சேலையெல்லாம் பழுதாப் போச்சு."

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து அரிசியை அள்ளலாமா என்று நினைத்தேன். அள்ளவில்லை.

"இத அன்வருக்குச் சொன்னா உன்ட தம்பிய இண்டைக்கே முடிச்சிருவான்."

"தெரியும்."

"தெரிஞ்சா வந்த?"

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்கிற்று. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முற்றிலும் வேறு குரலில் பேசினாள்.

"எனக்கு மய்யித்து வேணும். அவங்க தோண்டிப் போட்ட குழியில அவர் கிடக்கப்படாது. குளிப்பாட்டி, தொழுவிச்சி, எங்கட மையவாடியில அடக்கணும். அதக் கொண்டு வா. உன்ட தம்பிய நான் பாத்துக்கிறன்."

"வாக்குத் தாங்க."

"நீ என்னட்ட வாக்குக் கேக்கிறயா?"

எந்த இடத்தில் நீங்கள் என்பது நீ ஆனது என்று தெரியவில்லை.

"பின்வேலியால போ. ஆம்பிளையள் வாற நேரம்."

போகும்போது குடையை எடுத்துத் தந்தாள். தரவில்லை, எறிந்தாள்.

ஓகஸ்ட் 16, சனி

இரவே சுகுணாவிடம் சொல்லியிருந்தேன். "என்ட புருசனச் சாகடிச்சிட்டீங்க" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சபாரெத்தினம் ஐயா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே தனக்குக் காய்ச்சல் என்றார்.

தனியாகவே தோணி ஏறினேன்.

இளஞ்சேரன் இன்று சோடா உடைக்கவில்லை. "யார் உங்களக் கதைக்கச் சொன்ன?" என்றார்.

"மய்யித்தத் தாங்க. தம்பி வருவான்."

"நீங்க யாருக்கு வேலை செய்றீங்க டீச்சர்?"

"கல்வித் திணைக்களத்துக்கு."

வெளியே போகச் சொன்னார். வெளியே போய் வாசல் வாங்கில் உட்கார்ந்தேன். சனிக்கிழமைகளில் அந்த வாங்கு நிறையத் தாய்மார் இருப்பார்கள். இயக்கம் படையில் சேர்க்கக் கொண்டுபோன பிள்ளைகளைப் பார்க்கக் கேட்டு வருகிறவர்கள். பார்க்க விடுவதில்லை. அடுத்த கிழமை வரச்சொல்வார்கள், வருவார்கள். பக்கத்தில் இருந்தவள் நேசம்மா என்று பெயர் சொன்னாள். இரண்டு மகள்களைக் கொண்டுபோய்விட்டார்களாம். யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள்.

"மீராச்சேனை ஆதம்லெவ்வையின் மய்யித்தைக் கேட்டு வந்திருக்கிறன்" என்றேன். மெதுவாகப் பேச எனக்கு வராது. வகுப்பறைக் குரல். வாங்கு முழுவதும் கேட்டது.

"செத்திட்டாரா? சுகமா இரிக்காரெண்டு நேத்தும் சொன்னாங்களே."

"சொல்லுவாங்க. செத்துப் பத்து நாள்."

நேசம்மா எழுந்து வாசல் காவலில் நின்றவனிடம் போனாள்.

"தம்பி, என்ட பிள்ளைகள் சுகமா இரிக்காங்களெண்டு சொன்னீங்க. அந்தச் சோனக மனிசனும் சுகமா இரிக்காரெண்டுதான் சொன்னீங்க. நாங்க இப்ப எத நம்புற?"

அவன் உள்ளே பார்த்தான். மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தோணியில் வந்து இறங்கியவர்கள் என்னவென்று கேட்க, இவர்கள் சொன்னார்கள். பத்து நாளாய்ச் செத்த ஆளைச் சுகமாக இருப்பதாய்ச் சொன்னதை, துறை முழுக்கச் சொன்னார்கள்.

பின்னேரம் இளஞ்சேரன் வெளியே வந்தார். என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குக் காலையில எடுங்க. இதுக்குப் பிறகு உங்கட பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பில்ல."

"இது வரைக்கும் பொறுப்பா இரிந்தீங்களா?"

அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

கூலிக்காரர் இருவர் வயல் வரம்போரம் தோண்டினார்கள். ஆழமாகக்கூடப் புதைக்கவில்லை. நான் பார்த்ததை எழுதமாட்டேன். முதுகில் சுட்டிருந்தார்கள் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

உழவு மெசின் பெட்டியில் பாயில் சுற்றி வைத்து, படுவான்கரை வீதியால் சுற்றி எல்லைக்குக் கொண்டுவந்தோம். கூலிக்காரர் இருவரும் முகத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்கள். நான் பின்னால் பெட்டியில் இருந்தேன். யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்தானே.

எல்லையில் மீராச்சேனை ஆண்கள் நூறு பேருக்குமேல் நின்றார்கள். மய்யித்தைத் தூக்கும் சந்தூக்கு கொண்டுவந்திருந்தார்கள். மௌலவி பாயை விலக்கிப் பார்த்துவிட்டு ஏதோ ஓதினார். சந்தூக்கில் ஏற்றினார்கள். பிறகு புஹாரி மாஸ்டர் கையைக் காட்ட, ஒரு வானிலிருந்து தயாபரனை இறக்கினார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அன்வராக இருக்கவேண்டும். அவன் கண் சிவந்து கிடந்தது. என் காலடியில் துப்பினான். தம்பியை என் பக்கம் தள்ளிவிட்டான்.

மர்ளியா வரவில்லை. அவள் இத்தாவில் இருக்கிறாள், புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது என்றார் மாஸ்டர். வெள்ளிக்கிழமை இரவே அன்வரிடம் விஷயத்தைச் சொல்லி, அவனுடைய துவக்கைப் பறித்துக் கிணற்றில் போட்டுவிட்டு, அவன் வீட்டுக் கதவு வாசலில் விடியும்வரை குந்தியிருந்தாளாம். "இவனச் சாகடிச்சா உன்ட காக்கா நாய் தின்னக் கிடப்பார். உனக்கு எது வேணும்?" என்று கேட்டாளாம்.

தம்பியின் இடது காதிலிருந்து சீழ் வடிகிறது.

ஓகஸ்ட் 18, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மதிலில் சிவப்புப் பெயிண்டால் துரோகி என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லை. என்னிடம் படித்தவனாகத்தான் இருக்கும்.

செப்டெம்பர் 10, புதன்

பாடசாலை தொடங்கியதிலிருந்து ஆசிரியர் அறையில் என் பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கிறது. பின்னேர வகுப்புக்கு இருபது பிள்ளைகள் வந்த இடத்தில் மூன்று பிள்ளைகள். கடைக்காரர் சாமானைத் தருகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை.

இயக்கம் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தது. ஒரு கதிரையில் பகல் முழுக்க இருத்திவைத்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முஸ்லிம்களிடம் என்ன வாங்கினாய்? ஒரு அறை வாங்கினேன் என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

தயாபரனின் இடது காது இனிக் கேட்காதாம். மீராச்சேனைப் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். இன்றைக்கு என்னிடம் சொன்னான்:

"அவங்கட வீட்டுக்குப் போய்க் காலில விழுந்தியாமே."

"விழல்ல."

"என்னச் செத்துப்போக விட்டிருக்கலாம் அக்கா. ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க முடியல்ல."

வலது காதின் பக்கம் போய், "உன்ட தலை நிமிருதோ இல்லையோ, கழுத்தில இரிக்கு" என்றேன். சுகுணா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். போகும்போது என் கையில் ஒரு சட்டி கறி தந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. நேசம்மா வந்து இருந்துவிட்டுப் போனாள். ஒரு மகளைக் காட்டினார்களாம், மற்றவளைக் காட்டவில்லையாம். இனி ஒவ்வொரு சனியும் ஆதம்லெவ்வையின் பெயரைச் சொல்லித்தான் கேட்கப்போகிறாளாம்.

2004 ஜனவரி 29, வியாழன்

புஹாரி மாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். மாரி வெள்ளாமை விளைந்துவிட்டது, மீராச்சேனை ஆட்களின் வயல் எல்லாம் படுவான்கரையில், குழு கூடவேண்டும் என்று. எங்கள் பக்கத்தில் குழு எங்கே இருக்கிறது? சபாரெத்தினம் ஐயா கொழும்புக்கு மகளிடம் போய்விட்டார். நானும் நேசம்மாவும் போனோம்.

மேசைக்கு அந்தப் பக்கத்தில் மௌலவி, மாஸ்டர், மர்ளியா. மெலிந்திருந்தாள். இப்போது அவள்தான் வயலைப் பார்க்கிறாளாம், அன்வர் மத்தியகிழக்குக்குப் போய்விட்டான். சுகமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வெட்டுக்கு எங்கட ஆக்கள் போகணும்" என்றாள். "நீங்க முன்னுக்கு வரணும்."

"நான் ஏன் வரணும்?"

"நீங்க இரிந்தா சுட யோசிப்பாங்க."

"யோசிக்கமாட்டாங்க. என்னைத்தான் முதல்ல சுடுவாங்க."

"அப்ப எங்களுக்கு ஓட நேரம் கிடைக்கும்."

மௌலவி இருமினார். நேசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மர்ளியா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரரின் மாடுகளை மீராச்சேனைத் தோட்டங்களுக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள், அதை முதலில் அவிழ்த்துவிடுங்கள் என்றேன். பயிரைத் தின்ற மாடு என்றாள். வேலி போடாத பயிர் என்றேன். மணிக்கணக்காக இழுபட்டது. மாட்டை விடுவதாக அவள் ஒத்துக்கொண்டாள். நான் வருவதாக ஒத்துக்கொண்டேன். அவளைப்போலப் பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் எல்லையிலிருந்து புறப்பட்டோம். மெசின் பெட்டியில் வெட்டுக்காரரோடு மர்ளியாவும் நேசம்மாவும் நானும். மர்ளியா எனக்கு இடம் விடவில்லை. நான் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இயக்கத்தின் சாவடியில் தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். துவக்கோடு வந்தவன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"யார் இவங்க?"

"வயல்காரர். அவங்கட வயலுக்குப் போறாங்க."

"நீங்க?"

"தவமலர் டீச்சர். உங்கட பொறுப்பாளருக்கு என்னைத் தெரியும். போய்ச் சொல்லுங்க, ஆட்களை எண்ணிக்கொண்டு போறன், எண்ணிக்கொண்டு திரும்பி வருவன் எண்டு."

அவன் வோக்கிடோக்கியில் பேசினான். நீண்ட நேரம் ஒரு பதிலும் இல்லை. மர்ளியாவின் முழங்கை என் விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்லவில்லை. கடைசியில் தடியைத் தூக்கினான்.

நாள் முழுக்க வெட்டினார்கள். ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும் மர்ளியா நின்றாள். அந்த இடத்தை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. யார் சொன்னார்களோ. நான் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

வெயில் சாய்ந்தபோது திரும்பினோம். சாவடியில் யாரும் மறிக்கவில்லை. எல்லையில் இறங்கும்போது அவள் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு வடக்கு வயல் இருக்கு, நேரத்துக்கு வரவேண்டும், இன்று பிந்தி வந்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்தோம்.